இரண்டு கிலோ நூறு

அத்தியாயம் 17

கணவனும் மனைவியும் பந்தயம் கட்டுவது விளையாட்டு. மனைவியின் வேலையையே பணயமாக வைத்தால் அது விளையாட்டில்லை. ஷுன்சாகு குசுமி போன ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்தான், அதுவும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு.

எல்லாம் பிப்ரவரியில் தொடங்கியது. நிலம் நடுங்கி ரயில்கள் நின்ற அன்று, டோக்கியோ நடுவே டொரானோமோனில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருந்த மிசாவோ, யாரும் வெளியேறக் கூடாது என்ற கம்பெனி விதியை மதித்து ஆபீஸிலேயே தங்கிவிட்டாள். ஷுன்சாகு யொகொஹாமா பக்கத்தில் தன் கோடவுனில் மாட்டிக்கொண்டான். டாமா ஆற்றுக்கு இந்தக் கரையில், மிசோனோகுச்சியில், அவர்கள் மகள் நகி பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் ஷுன்சாகுவின் அக்கா டோகியே ஓடிப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். "ஒப்படைப்பு அட்டையில உங்க பேர் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அட்டையில் பேர் இருப்பவர் கையில்தான் பிள்ளையைக் கொடுப்பார்கள். ஒன்பது வயதுப் பெண், மற்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, விடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. ஆற்றைத் தாண்டி வேலைக்குப் போகிற அம்மா எதற்கு? டோகியே ஸ்டேஷன் பக்கத்தில் கட்லெட் கடை வைத்திருக்கிறாள், அங்கே கல்லாவில் நின்றால் போதாதா?

"செப்டம்பர் முதல் தேதி பள்ளிக்கூடத்துல ஒப்படைப்புப் பயிற்சி" என்றான் ஷுன்சாகு அந்த ஞாயிற்றுக்கிழமை. "மூணு மணிக்கு முடியும். நீ ஆபீஸ்ல இருந்து நடந்தே வந்து, மூணு மணிக்குள்ள நகியைக் கையில வாங்கிட்டீன்னா உன் வேலையைப் பத்தி இனி வாயைத் திறக்க மாட்டேன். வாங்க முடியலன்னா ராஜினாமா. ரயில் கிடையாது, டாக்ஸி கிடையாது, கடை கிடையாது, ஃபோன் கிடையாது. நிஜமா பூமி ஆடினா என்ன இருக்குமோ அவ்வளவுதான்."

"பதினேழு கிலோமீட்டர்தானே?" என்றாள் மிசாவோ. "வர்றேன்."

பதினாறு வருடம் பார்த்த வேலை. அதை அவள் ஒரு பையில் கட்ட வேண்டியிருந்தது.

* * *

செப்டம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. சமையலறைத் தரையில் இரண்டு பைகள்.

ஒன்று சிவப்பு. ஷுன்சாகு கேட்டலாக் பார்த்து வரவழைத்தது. மடக்கு மண்வெட்டி, கேஸ் அடுப்பு, டின்னில் அடைத்த ரொட்டி ஆறு, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு சின்னக் கோடாலி. ஒன்பது கிலோ. ஆள் உயரத்துக்கு இல்லை என்பதுதான் ஒரே குறை.

மற்றொன்று சாம்பல் நிறத்தில் மெல்லிய முதுகுப்பை. அதன் முன்னால் மிசாவோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோடாலி வேண்டாமா?" என்று கேட்டான் ஷுன்சாகு பல் தேய்த்துக்கொண்டே.

"யாரை வெட்ட?"

"கதவு மாட்டிக்கிச்சுன்னா?"

"நான் தீயணைப்புக்குப் போகலங்க. வீட்டுக்கு வர்றேன்."

அவள் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். அரை லிட்டர் தண்ணீர் இரண்டு. உப்பு மிட்டாய் ஒரு பிடி. அடுப்பே தேவைப்படாத சிவப்புப் பயறு இனிப்புக் கட்டி நான்கு. மெல்லிய துண்டு, மழைக்கோட்டு, நெற்றியில் மாட்டும் விளக்கு, கையுறை, விசில், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அவசரத்துக்குப் போகக் கழிப்பறைப் பை மூன்று. பொது ஃபோனுக்குப் பத்து யென் காசுகள். மூன்று வழிகள் பென்சிலால் வரையப்பட்ட காகித வரைபடம். அடையாள அட்டையின் நகல், ஒரு பேனா. கடைசியாக, விரலளவு உறையில், கையெழுத்தோடு குத்துவதற்கான, குடும்பப் பெயர் செதுக்கிய வீட்டு முத்திரை.

ஷுன்சாகு நுரையோடு சிரித்தான். "நிலநடுக்கத்துல முத்திரை எதுக்கு? பூமி கிட்ட கையெழுத்து வாங்கப் போறியா?"

"பதினாறு வருஷம் நிர்வாகப் பிரிவுல இருக்கேன். முத்திரை இல்லாம இந்த ஊர்ல ஒரு காகிதம் நகர்ந்து நான் பாத்ததில்ல."

"கனம்டீ, கனம். பையைக் குறைக்கணும்னு நீதானே சொன்னே."

"எடை பாத்துட்டேன். பத்து கிராம்."

நகி தூக்கக் கண்ணோடு வந்தாள். கையில் ஒரு ஜோடி சாக்ஸ். "அம்மா, இதையும் வையி. கால் ஈரமானா மாத்தணும்னு டீச்சர் சொன்னாங்க."

"வச்சாச்சு."

"நீ நிஜமா வருவியா?"

பிப்ரவரியிலிருந்து இந்தப் பெண் இதைக் கேட்டதே இல்லை. கேட்காததுதான் மிசாவோவை இத்தனை நாளும் அரித்துக்கொண்டிருந்தது.

"வருவேன். மூணு மணிக்கு முன்னாடி."

அவள் பையோடு எடைமேடையில் ஏறினாள், பையை இறக்கிவிட்டு மறுபடி ஏறினாள், கழித்துப் பார்த்தாள். இரண்டு கிலோ நூறு கிராம். சாக்ஸையும் சேர்த்து.

* * *

ஒன்பது ஐம்பதுக்குக் கம்பெனியில் நிலநடுக்கப் பயிற்சி மணி அடித்தது. பன்னிரண்டாவது மாடியில் அறுபது பேர் மேசைக்கு அடியில் புகுந்தார்கள். விற்பனைப் பிரிவில் ஒருவர் அங்கே போயும் மெயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு படிப்பது மிசாவோவின் வேலை. தெளிவாகப் படித்தாள்.

"பாதுகாப்பு உறுதியாகும்வரை ஊழியர்கள் அனைவரும் மூன்று நாட்கள் இந்தக் கட்டடத்திலேயே தங்க வேண்டும். யாரும் நடந்து வீடு திரும்ப முயல வேண்டாம்."

மைக்கை அணைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து பழைய ஓட்டக் காலணியை எடுத்து மாட்டினாள். முதுகில் பையைப் போட்டாள். மணி சரியாகப் பத்து.

பிரிவுத் தலைவர் ஹிஷினுமா மஞ்சள் தலைக்கவசத்தோடு எதிரே நின்றார். "குசுமி மேடம், எங்க கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு சார். நடந்து."

"இப்பதானே உங்க வாயாலேயே யாரும் போகக் கூடாதுன்னு சொன்னீங்க!"

"பத்து மணியில இருந்து எனக்கு லீவு சார். திங்கட்கிழமையே நீங்கதான் முத்திரை போட்டீங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இது விளையாட்டில்லம்மா. லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்துல ரோட்டுல இறங்கினா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? அதுக்குத்தானே அந்த விதி?"

"விதி சரிதான் சார். டைப் பண்ணதே நான்தான். எல்லாரும் ஓடுறப்ப நானும் சேர்ந்து ஓட மாட்டேன், ரோடு திறந்ததும் நடப்பேன். ஆனா நடக்கத் தெரிஞ்சிருக்கணும் இல்ல? மூணு நாளைக்கு பிஸ்கட் குடுக்குறோம், போர்வை குடுக்குறோம். நாலாவது நாள் இவங்க எப்படி வீட்டுக்குப் போவாங்கன்னு அந்தக் காகிதத்துல ஒரு வரி இருக்கா சார்?"

மேசைக்கு அடியிலிருந்து யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

லிஃப்ட் கம்பெனிதான். ஆனால் நிலநடுக்கத்தில் லிஃப்ட் ஏது? மிசாவோ பன்னிரண்டு மாடியும் படியில் இறங்கினாள்.

* * *

முப்பத்துநான்கு டிகிரி. கோடை போகிற நினைப்பிலேயே இல்லை.

ஷிபுயாவரை கால்கள் பாடிக்கொண்டு போயின. ஷிபுயாவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் பாட்டு நின்றது. தலைக்கு மேலே விரைவுச் சாலை, பக்கத்தில் லாரிகளின் புகை, பத்தடிக்கு ஒரு குளிர்பானப் பெட்டி. நாக்கு வறண்டவளுக்கு இந்த ஊரில் எவ்வளவு குளிர்பானப் பெட்டி இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றும் கூப்பிட்டது. பையில் இருந்த காசு பொது ஃபோனுக்கு என்று அவளே அவளை அதட்டினாள்.

மணிக்கு ஒரு தரம் பத்து நிமிடம் நிழலில் உட்கார வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே இரண்டு வாய் தண்ணீர், அதோடு ஒரு உப்பு மிட்டாய். இதை ஐந்து நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். சங்கென்ஜாயாவில் ஒரு நடைமேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்து இனிப்புக் கட்டியைக் கடித்தபோது மணி பன்னிரண்டே கால். கணக்கு சரியாக இருந்தது.

அந்தக் கணக்கு அடுத்த அரைமணியில் கெட்டது. தண்ணீர்க் குழாய் வேலைக்காக நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "பெரிய சுத்தும்மா, ஃபோன்ல பாத்துக்கங்க" என்றார் கொடி பிடித்த காவலாளி.

"ஃபோன் செத்துப்போச்சுன்னு வச்சுக்கங்க."

"என்ன, செத்துப்போச்சா இல்லையா?"

"இன்னைக்கு மட்டும் செத்துப்போச்சு."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவள் வரைபடத்தை விரித்து, பென்சில் கோடு இரண்டைப் பார்த்து, சந்துக்குள் திரும்பினாள். ஒன்பது கிலோ சிவப்புப் பை முதுகில் இருந்திருந்தால் இந்நேரம் அந்தக் காவலாளியே அவளைத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்திருக்கும்.

சந்துகள் இருபது நிமிடத்தைத் தின்றன. டாமா ஆற்றுப் பாலத்தை அடைந்தபோது இரண்டாவது பாட்டிலில் ஒரு விரல்கடை தண்ணீர்தான் மிச்சம். வலது குதிகாலில் கொப்புளம் உடைந்து காலணிக்குள் ஈரமாக இருந்தது. மணி இரண்டு பத்து.

பாலத்தில் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து காலணியைக் கழற்றினாள். பிளாஸ்திரி ஒட்டி, நகி கொடுத்த சாக்ஸை மாட்டினாள். மஞ்சளில் வாத்து போட்ட சாக்ஸ். நாற்பத்துமூன்று வயதுக்காரிக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. காலுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது, கண்ணே கலங்கிவிட்டது.

பக்கத்துப் பாலத்தில் அவள் தினமும் போகும் ரயில் தடதடவென்று ஓடியது. குளிர்ந்த பெட்டிக்குள் ஜன்னலோரம் ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டே நிமிடத்தில் அக்கரை.

மிசாவோ அந்த ரயிலைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். எழுந்தாள். நடந்தாள்.

* * *

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் அவள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பத்தொன்று காட்டியது. வகுப்பு வாரியாகப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வரிசையில் நின்று, அட்டையைச் சரிபார்த்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நகி முதலில் சாக்ஸைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பாதி எழுந்துவிட்டாள்.

"நாலாம் வகுப்பு, குசுமி நகி" என்றாள் மிசாவோ மூச்சு வாங்கிக்கொண்டே. "நான் அவ அம்மா."

இளம் ஆசிரியர் அட்டையை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். அவருடைய முகம் மாறியது.

"மன்னிக்கணும்... உங்க கையில ஒப்படைக்க முடியாது."

"ஏன்?"

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். மூன்று பெயர்கள், மூன்றும் ஏப்ரலில் அவள் கையாலேயே எழுதியது. முதலில் மிசாவோ, அடுத்து ஷுன்சாகு. பிப்ரவரி அவமானத்துக்குப் பிறகு டோகியே கேட்டதால் மூன்றாவதாக டோகியே.

முதல் பெயரின் மேல் அளவுகோல் வைத்து இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. கோட்டின் மேல் சிவப்பாக ஒரு திருத்த முத்திரை. முறைப்படி அடித்து, முறைப்படி முத்திரை குத்தி, பெற்ற தாயை யாரோ நீக்கியிருந்தார்கள்.

"சில குடும்பங்கள்ல..." ஆசிரியர் மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார். "பெற்றோர் பிரிஞ்சு, ஒருத்தர் வரக் கூடாதுன்னு இருக்கும். அடிச்ச பேர்காரங்க கிட்ட மட்டும் கண்டிப்பா குடுக்கக் கூடாதுங்கறது விதி. எனக்கும் சங்கடமா இருக்கு."

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு அம்மாக்கள் காலை ஒரு அடி பின்னுக்கு வைத்தார்கள். மிசாவோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு கிலோமீட்டர் வெயிலில் எரியாத எரிச்சல் அது.

"நகி" என்று ஒரு குரல். கடை ஏப்ரனோடு, கையில் பாட்டிலோடு டோகியே வந்துகொண்டிருந்தாள். தம்பி மனைவியின் கோலத்தை ஒரு பார்வை பார்த்தாள். "அட, வந்தே சேர்ந்துட்டியே மிசாவோ! நீ சங்கென்ஜாயாவிலேயே படுத்துடுவேன்னு நினைச்சேன்."

"அண்ணி, என் பேரை ஏன் அடிச்சீங்க?"

"என்னது?"

"அட்டையைப் பாருங்க."

டோகியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எதிரில் நிற்பவளை வம்புக்கு இழுக்கத் தயங்காதவள்தான், ஆனால் இப்போது அவள் முகத்தில் வம்பு இல்லை. "இதை நான் செய்யல. பிப்ரவரியில இதே வாசல்ல என்னைத் திருப்பி அனுப்பினாங்க. உள்ள பிள்ளை அழறது எனக்குக் கேட்டுச்சு. அந்த வயித்தெரிச்சல் இன்னொருத்திக்கு வரணும்னு நான் நினைப்பேனா? என் பேரைச் சேருன்னுதான் உன்கிட்ட கேட்டேன். உன் பேரை எடுன்னு யார்கிட்டயும் சொல்லல."

மணி இரண்டு நாற்பத்தெட்டு.

"அத்தை கையில குடுக்கலாம்" என்றார் ஆசிரியர் நிம்மதியாக. "அவங்க பேர் இருக்கு."

"வேண்டாம்." நகி எழுந்து நின்றுவிட்டாள். "அம்மா நடந்து வந்திருக்காங்க. நான் அம்மாவோடதான் போவேன். இல்லன்னா இங்கேயே உட்கார்றேன். எனக்குப் பழக்கம்தான்."

துணைத் தலைமையாசிரியை ஓரத்து மேசையிலிருந்து எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார், அட்டையை வாங்கினார்.

"மாத்தலாம்" என்றார். "ஆனா இந்த அட்டையை எழுதிக் கொடுத்தவங்கதான் மாத்தணும். கீழே பாதுகாவலர்னு கையெழுத்தும் முத்திரையும் இருக்கே, அந்த ஆள். அதே முத்திரையோட வரணும். நாளைக்கு வீட்ல இருந்து எடுத்துட்டு..."

மிசாவோ பையை முதுகிலிருந்து இறக்கினாள்.

காலியான பாட்டில்களைத் தள்ளி, ஈர சாக்ஸைத் தள்ளி, அடியில் கைவிட்டு, அந்த விரலளவு உறையை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் பேனா. பக்கத்தில் அடையாள அட்டையின் நகல்.

"கீழ இருக்கிற கையெழுத்து என்னோடது. முத்திரையும் இதுதான். பாத்துக்கங்க."

துணைத் தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளில் முத்திரையை அழுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒப்பிட்டார். "குசுமி. அதே வளையம், அதே எழுத்து. சரியா இருக்கு." பிறகு முதல் பெயரின் மேல் இருந்த திருத்த முத்திரைக்கு அருகில் தாளை நகர்த்தினார். "ஆனா இது வேற. பேர் ஒண்ணுதான், முத்திரை வேற. இந்த ஓரம் உடைஞ்சிருக்கு பாருங்க."

மிசாவோ பார்த்தாள். வளையத்தின் வலது கீழ்ப்பக்கம், அரிசி நுனி அளவுக்கு ஒரு விள்ளல்.

நகிக்கு மூன்று வயதிருக்கும்போது அப்பாவின் மர முத்திரையைக் குளியலறைத் தரையில் போட்டு உடைத்தாள். "பரவால்ல, இனிமே யாரும் என் முத்திரையைக் கள்ளத்தனமா செய்ய முடியாது" என்று ஷுன்சாகு அன்று அவளைத் தூக்கிக் கொஞ்சினான்.

டோகியேயும் தம்பியின் முத்திரையை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புது அட்டை வந்தது. மிசாவோ மூன்று பெயர்களையும் எழுதினாள். எதையும் விடவில்லை. முத்திரையை அழுத்தினாள்.

"குசுமி நகி, அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டாள்" என்று ஆசிரியர் சத்தமாகப் படித்து நேரத்தைக் குறித்தார். இரண்டு ஐம்பத்தேழு.

நகி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வியர்வை, தூசி, எதையும் பார்க்கவில்லை. "அம்மா, உன் மேல நாத்தம்" என்று மட்டும் சொன்னாள், விடாமலேயே.

"பழைய அட்டை ரத்தாயிடுச்சு. நீங்களே வச்சுக்கங்க" என்றார் துணைத் தலைமையாசிரியை.

டோகியே வாற்கோதுமைத் தேநீர் பாட்டிலை நீட்டினாள். "குடி. கீழ விழுந்து தொலைக்காதே." பிறகு பெருமூச்சு விட்டாள். "கடைக்கு வேற ஆள் பாக்கணும் இனி. சரி, கல்லாவில உன்னை மாதிரி ஒருத்தி நின்னா வர்ற கஸ்டமரையும் கேள்வி கேட்டே விரட்டுவே."

வாசலில் மிசாவோ ஃபோனை உயிர்ப்பித்தாள். ஹிஷினுமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி. 'திங்கள் காலை ஒன்பது மணிக்கு டைரக்டர் அறைக்கு வரவும். அந்தப் பையோடு.'

திட்டவா, வேறு எதற்கா? ஹிஷினுமா அதைச் சொல்லவில்லை. மிசாவோ அதை இரண்டு முறை படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டாள். இன்று அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று வீட்டில் காத்திருந்தது.

* * *

ஷுன்சாகு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் ஒரு பீர் டின் கூட இருந்தது.

"அக்கா ஃபோன் பண்ணா. ஜெயிச்சுட்டியாமே! சாதாரண ஆளா நீ? சரி, வாக்கு வாக்குதான். வேலையைப் பத்தி இனி..."

மிசாவோ காலைச் சுடுநீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பழைய அட்டையை மேசை மேல் அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அதைப் பார்த்தான். பீர் டின்னைத் திறக்கவில்லை.

"அது வந்து... ஏப்ரல்ல நகி பையில போடறதுக்கு முன்னாடி..." வார்த்தைகளைத் தேடினான். "அவ ராத்திரி பூரா கதவையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தா, மிசாவோ. முதல் பேரு உன்னோடது. வர முடியாத ஆளுக்காக அவ மறுபடி அப்படிக் காத்திருக்கக் கூடாதுன்னுதான்..."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

"அடிச்சது ஏப்ரல்ல. பந்தயம் வச்சது போன ஞாயித்துக்கிழமை. 'நகியைக் கையில வாங்கிட்டா'ன்னு சொன்னீங்களே, அப்ப இந்த ரெண்டு கோடு ஞாபகம் இருந்துதா, இல்லையா?"

ஷுன்சாகு அட்டையைக் கவிழ்த்து வைத்தான். அதுவே பதில்தான்.

மிசாவோ காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய்ச் சமையலறை மூலையிலிருந்து அந்த ஒன்பது கிலோ சிவப்புப் பையைத் தரையோடு இழுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். உள்ளே மண்வெட்டி கோடாலியில் மோதியது.

"உங்க கோடவுன்ல இருந்து பள்ளிக்கூடம் பன்னிரண்டு கிலோமீட்டர். என்னைவிட அஞ்சு குறைச்சல்" என்றாள். கல்யாணமான பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக அவன் பெயரைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை நடந்து வாங்க, ஷுன்சாகு. கேட் கிட்ட நானும் நகியும் நிப்போம். புது அட்டையில ரெண்டாவது வரியில உங்க பேர் இருக்கு. நான் அதை அடிக்கல."